பழைய தந்த வேலைப்பாட்டு வீணைகளுக்கு வார்னிஷ் பூச வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வீணை செய்யும் தொழிலாளி,
தஞ்சாவூர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: அருங்காட்சியகத்தில் உள்ள பழைய வீணைகளுக்கு வார்னிஷ் பூசுவதை நிறுத்தி, தொழில் தெரிந்தவர்களைக் கொண்டு ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மூன்று தலைமுறையாக வீணை செய்யும் குடும்பம் எங்களுடையது. போன மாதம் பேத்தியை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அதன் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பழைய வீணைகள் இருக்கின்றன. ஒன்று ஏகாண்ட வீணை. குடம் (ஒலி எழும் உருண்டைப் பகுதி), தண்டி (நீண்ட கழுத்து), நுனியில் உள்ள யாளி முகம் மூன்றும் ஒரே பலா மரத்துண்டில் குடைந்தவை. அந்தப் பருமனில் முற்றிய பலா இப்போது கிடைப்பது அரிது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் ‘வீணை, மரம்’ என்று மட்டும் இருக்கிறது.

குடத்தின் விளிம்பைச் சுற்றித் தந்தப் பட்டை. அதில் ஊசியால் கீறிய கொடியும் கிளிகளும். ஒரு கிளியின் கண்ணில் மட்டும் சிவப்பு அரக்கு அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கிளிகள் மேல் எப்போதோ பூசிய வார்னிஷ் வழிந்து, பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறது. வனவிலங்குச் சட்டப்படி இன்று தந்தம் வாங்கவோ விற்கவோ வழியில்லை. அது சரியான சட்டம்தான், நாங்களும் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறிவிட்டோம். ஆனால் இந்தப் பட்டை பெயர்ந்தால் வேறு வைக்க முடியாது.

அலங்காரத்தைவிட எனக்குப் பதறியது மெட்டுகளை, அதாவது தண்டியின் மேல் ஸ்வர இடங்களில் பதித்த உலோகக் கட்டைகளை, பார்த்துத்தான். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்திலிருந்து வருவதாக நாங்கள் சொல்லும் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையில் உட்கார்ந்திருப்பவை. அங்கே பெட்டிக்குள்ளேயே சூடான விளக்கு எரிகிறது. மெழுகு இளகி, மேல் ஸ்தாயி மெட்டுகள் நாலைந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. வாசிக்கும் வீணைக்குச் சில வருடங்களுக்கு ஒரு முறை மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவோம், அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகத் திரும்பப் பதிப்போம். காட்சிக்கு வந்த வீணைக்கு யார் கட்டப் போகிறார்கள்? கடைசியாக வாசித்தவர் தன் காதுக்கு இசைய வைத்த இடங்களில்தான் அந்த மெட்டுகள் நின்றிருக்க வேண்டும். அவர் காந்தார ஸ்வரத்தை எங்கே வைத்தார், நிஷாத ஸ்வரத்தை எங்கே வைத்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. சாய்ந்த மெட்டுகளின் பழைய தடம் இன்னும் மெழுகில் தெரிகிறது. இப்போதே அளந்து குறித்துவிட்டால் பிழைக்கும்.

ஆனால் கூடம் புதுப்பிக்கப்படும்போது வீணைகளையும் சுரண்டி, வார்னிஷ் பூசி பாலிஷ் போடப் போவதாக அங்கிருந்த ஊழியர் ஒருவர் சொன்னார். சுரண்டினால் அந்தத் தடமும் போய்விடும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஏழு தந்திகளையும் முறுக்கியே வைத்திருக்கிறார்கள். அந்த இழுவையின் அழுத்தம், தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகையில் இறங்குகிறது. ஏகாண்ட வீணையில் குதிரைக்கு அடியில் மயிரிழை அளவு விரிசல் ஓடியிருக்கிறது.

ஆகவே பாலிஷ் வேலையைத் தங்கள் உத்தரவால் உடனே நிறுத்த வேண்டும். விளக்கை மாற்றி, தந்திகளைக் கழற்றாமல் தளர்த்தி வைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம், தங்கள் துறையின் பாதுகாப்புப் பிரிவு அலுவலரும் வீணை செய்யும் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் இசை ஆய்வாளர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931-லேயே விளக்கப் பட்டியல் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அந்த அக்கறை இந்த மூன்று வீணைகளுக்கும் கிடைக்க வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நாம், அதன் மூத்த பிரதிகளை வெறும் ‘மரம்’ என்று எழுதி வைக்கலாமா?

அளக்கும் வேலைக்கு நானே வருகிறேன், கூலி வேண்டாம். அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: அருங்காட்சியகத்தின் பெயர், வீணைகள் இருக்கும் கூடம் பற்றிய குறிப்பு – 1 தாள்.