அப்பத்தாவின் அட்டிகை

அன்பு மகளுக்கு,

அப்பத்தாவின் நகைகளை உருக்கி மெல்லிய சங்கிலியாகச் செய்துகொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. இருப்பது என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாததால், நேற்று அவற்றைத் தெற்கு ஆவணி மூல வீதியில் இருக்கும் நம் ஆசாரியிடம் எடுத்துப் போனேன்.

வளையல்களைத் தாராளமாக உருக்கலாம். பழசு என்பதற்காக எல்லாம் பொக்கிஷம் ஆகிவிடாது. அவை அரக்கு அடைத்தவை. நெளிந்து, பற்று வைத்து, மறுபடி நெளிந்தவை. ஆனால் கண்ணெதிரே உருக்கச் சொல். உன் கல்யாணச் சமயத்தில் ஒரு கடையில் இப்படிப்பட்ட ஜோடியைக் கொடுத்துவிட்டு நான் வெளியே காத்திருந்தேன். அரக்கு, அழுக்கு என்று அவர்கள் கழித்த கணக்கு இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காசுமாலையில் பெரும்பாலானவை லட்சுமி அச்சிட்ட மெல்லிய காசுகள். நடுவில் இருக்கும் ஐந்து மட்டும் அசல் சவரன்கள்: ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரன், ஒவ்வொன்றும் 7.99 கிராம், 22 காரட். நாம் 8 கிராமைச் சவரன் என்பது இந்த நாணயத்தை வைத்துத்தான். ஆசாரி பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒன்றைக் காட்டினார்; குதிரையின் காலடியில், 1918 என்ற ஆண்டுக்கு மேலே, 'ஐ' என்ற சின்னஞ்சிறு ஆங்கில எழுத்து. பம்பாயில் அடித்ததற்கு அடையாளமாம். அங்கே சவரன் அடித்தது அந்த ஓர் ஆண்டு மட்டுமே. வளையம் பற்றவைத்திருப்பதால் நாணயம் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள் என்றாலும், அதை உருக்க எனக்கு மனம் வரவில்லை.

அட்டிகைதான் விஷயம். அதில் ஹால்மார்க் இல்லையே என்று நீ கேட்பாய். நம் நாட்டில் தங்கத்துக்கு அந்த முத்திரை வந்ததே 2000இல், கட்டாயமானது 2021இல். பொன்னின் தரம் பார்க்கும் காரட் மீட்டர் கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கும். உள்ளே இருக்கும் பற்றையும் அரக்கையும் அது அறியாது. விற்கப் போனால் கல் எடை, அரக்கு எடை இரண்டையும் கழித்துவிட்டு, மிஞ்சும் பொன்னுக்கு மட்டும் விலை போடுவார்கள். கெம்புக்கும் கைவேலைக்கும் ஒரு காசு கிடைக்காது. ஒவ்வொரு கல்லையும் அரக்கின் மேல் தகடு வைத்து அமர்த்தி, சுற்றிலும் சுத்தப் பொன்னை மெல்லிய இழையாக அழுத்திச் சேர்த்த குந்தண வேலை அது. 1963இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தபோது இந்த ஆசாரியின் தகப்பனார் பட்டறையை மூடிவிட்டு மில் வேலைக்குப் போனாராம். மீண்டும் பட்டறை திறந்தபோது இந்த வேலை தெரிந்த கைகள் பாதிகூட மிஞ்சவில்லை என்றார்.

இடப்பக்கம் மூன்றாவது கல் கறுத்திருப்பதற்கு நான்தான் காரணம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிட்டது. உலர்ந்த மென்துணியால் துடைத்திருந்தாலே போதுமாம்.

ஆகவே வளையல்களில் உனக்குச் சங்கிலி செய்யச் சொல்கிறேன். அட்டிகையில் புதுத் தகடு வைக்க ஆசாரி பத்து நாள் கேட்டிருக்கிறார். திரும்பி வந்ததும் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கழுத்தில் படும் அந்தப் பக்கத்திலும் கொடியும் கிளியும் செதுக்கியிருப்பதை நானே நேற்றுத்தான் பார்த்தேன்.

அன்புடன்,
அம்மா