வயதைக் காலில் எழுதிக்கொள்கிறவர்கள்

வென்ட்வொர்த்வில், சிட்னி
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்தது. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, ஆபீஸும் முடிந்துவிட்டது, "இனிமே நமக்கு என்னக்கா, ஒரு ஓரமா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் இதைப் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று விடிவதற்கு முன்பே பென்ரித் போய்விட்டேன். சிட்னிக்கு மேற்கே, நீலமலைத் தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். 2000 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடத்துவதற்காக வெட்டிய நீளமான ஏரி அங்கே இருக்கிறது. அதில்தான் இன்று டிரையத்லான். நான் ஓடப் போகவில்லை, பயப்படாதே. வாலன்டியர் வேலைக்குப் போனேன்.

டிரையத்லான் என்றால் முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை வைத்துவிட்டு ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது, உடை மாற்றும் நேரமும் கணக்கில்தான் சேரும். ஒலிம்பிக் தூரம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். திருவான்மியூரில் சைக்கிளை எடுத்தால் ஏறக்குறைய மாமல்லபுரம் வந்துவிடும், பார்த்துக்கொள். அதற்கப்புறம் ஓட வேறு வேண்டும். 1974இல் அமெரிக்காவில் சான் டியேகோவில் தொடங்கிய விளையாட்டு, ஒலிம்பிக்கில் முதல்முதலாகச் சேர்ந்தது இந்தச் சிட்னியில்தான். ஓபரா ஹவுஸ் பக்கத்துத் தண்ணீரில் குதித்து நீந்தினார்களாம். இன்று நடந்தது இதில் பாதித் தூரம், உள்ளூர்க்காரர்களுக்கானது.

நான் இதில் போய்ச் சேர்ந்தது பேரனால்தான். சின்னப் பிள்ளைகளுக்கான போட்டியில் அவன் ஓடினான், நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலோடு ஒரு அம்மா வந்து, "உங்களுக்குக் கை சும்மாதானே இருக்கிறது, தண்ணீர் கொடுக்க வருகிறீர்களா?" என்று கேட்டார். வயதைக் கேட்கவில்லை, முட்டியைப் பற்றியும் கேட்கவில்லை. எழுந்து போனேன். அன்றிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது எனக்குக் கொடுத்திருப்பது எண் எழுதுகிற வேலை. தண்ணீரில் இறங்கும்போது சட்டையில் எண் குத்திக்கொள்ள முடியாது அல்லவா? அதனால் நீரில் அழியாத மார்க்கரால் புஜத்தில் அவரவர் எண்ணை எழுத வேண்டும். பின்னங்காலில், கெண்டைச்சதை மேல், வயதை எழுத வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வந்தால் மை ஒட்டாது, துடைத்துவிட்டுத்தான் எழுத முடியும். விடிகாலைக் குளிரில் தோல் புல்லரித்து மேடு மேடாக நிற்கும், பேனா முனை தட்டும். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்து பேனாவோடு கூடவே நகரும். இடது கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால் எண் கோணாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஒரு முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், முட்டிக்குத் தொந்தரவில்லை.

கோயிலில் பார்க்கிற நம்மூர் அம்மா ஒருத்தர், "இந்த வயசில் போய் ஊரார் காலைத் தொட்டு எழுதுறீங்களா?" என்று கேட்டார். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் காலைத் தொட்டதும் தெரிகிறது, அந்த ஆள் எவ்வளவு பதற்றமாக இருக்கிறார் என்று. முதல் தடவை ஏரியில் இறங்குகிற பிள்ளைகளுக்குக் கால் நடுங்கும். நாலு வார்த்தை பேசிக்கொண்டே எழுதுவேன், எழுதி முடிப்பதற்குள் நடுக்கம் கொஞ்சம் அடங்கிவிடும். இதில் எனக்கு என்ன குறைந்துபோகிறது?

இன்று ஒரு பெண்மணி வந்தார். பட்டியலில் அவர் வயது 70. பேசும்போதுதான் சொன்னார், நிஜமாக 70 முடிய இன்னும் பல மாதம் இருக்கிறதாம். இந்த விளையாட்டில் அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி என்ன வயதோ அதுதான் கணக்கு. பிரிவுகளை ஐந்தைந்து வயதாகப் பிரித்திருக்கிறார்கள். 65 முதல் 69 வரை உள்ள பிரிவில் போன வருஷம் இவர்தான் மூத்தவர். இந்த வருஷம் அடுத்த பிரிவுக்கு வந்துவிட்டார், இங்கே இவர்தான் இளையவர்! எப்போது 70 வரும் என்று காத்துக்கொண்டே இருந்தாராம். காலைத் திருப்பி நான் எழுதிய 70ஐப் பார்த்துவிட்டு, "இன்னும் பெரிதாக எழுதுங்கள்" என்றார். நம் வீட்டில் பெரியம்மா கடைசிவரை தன் வயதை யாருக்கும் சொன்னதில்லை, ஞாபகம் இருக்கிறதா?

வேலை முடிந்து ஆரஞ்சு நறுக்கும்போது மற்ற வாலன்டியர்கள் சொன்ன கதைகளையும் கேள். ஜப்பானில் இனாடா ஹிரோமு என்று ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 60 வயதில் நீச்சலுக்குப் போனவர். 70இல்தான் முதல் டிரையத்லான். 2018இல் ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியை 85 வயதில் முடித்தார். அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். அமெரிக்காவில் மடோனா பியூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி, 2012இல் கனடாவில் 82 வயதில் அதே தூரத்தை முடித்தவர். அவர் வயதுக்குப் பிரிவே இல்லாமல், அவருக்காகப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததாம். நீயும் நானும் இப்படி ஓட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வயது ஏறினால் நமக்குப் பிரிவு இருக்காது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோமே, அதற்காகச் சொல்கிறேன்.

ஓடுகிறவர்களை மட்டும் கொண்டாடுகிற ஊரில்லை இது. 2000 ஒலிம்பிக் முடிந்ததும் வாலன்டியர்களுக்கென்று சிட்னித் தெருவில் தனியாக ஊர்வலம் நடத்தியிருக்கிறார்கள். ஒலிம்பிக் பார்க்கில் பெரிய ஸ்டேடியத்துக்கு வெளியே வரிசை வரிசையாகக் கம்பங்கள் நிற்கின்றன, அவற்றில் அந்த வாலன்டியர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மகள் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். வழிகாட்டியவர், டிக்கெட் பார்த்தவர், பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் என்று எல்லோர் பெயரும். நகரவே மனசில்லாமல் படித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நம்மூரில் இது இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தண்ணீர் மேசையில் நின்று டம்ளரை நீட்டும்போது எனக்கு அறுபத்துமூவர் அன்றைய மயிலாப்பூர்தான் நினைவு வரும். கூட்டத்தில் வருகிறவர் யார் என்றே பார்க்காமல் வாளி வாளியாக நீர்மோர் ஊற்றுவார்களே, அதே வேலைதான் இது. அந்தப் பந்தல்களில் வயதான பெண்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள்? நம்மை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் முதல் டம்ளரைக் கொடுத்துவிடுவார்கள். பாசம்தான், சரி. ஆனால் அந்தப் பாசத்திலேயே கை கால் மரத்துப்போகிறது. இந்தப் பங்குனியில் நீ நாற்காலியை வாங்கிக்கொள்ளாதே. கரண்டியைக் கேட்டு வாங்கு.

சென்னை மாரத்தான் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறதே, அதற்கும் தண்ணீர் மேசையில் ஆள் வேண்டியிருக்கும். உன் மகனைக் கேட்கச் சொல். விடிகாலையில் எழுந்திருப்பது உனக்குப் புதிதா என்ன? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டி பார்த்தவள் நீ. டம்ளரை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சொல்லித் தருகிறேன். முழுதாக நிரப்பக் கூடாது, பாதிதான். விளிம்பைப் பிடிக்காமல் அடியில் உள்ளங்கையை வைத்து நீட்ட வேண்டும், அப்போதுதான் ஓடுகிறவர் வேகத்தில் பறித்துக்கொண்டு போக முடியும். அவர்கள் பக்கம் நாம் எட்டிப்போகக் கூடாது, நின்ற இடத்தில் நின்றால் போதும்.

முட்டி வலிக்கு டாக்டரைப் பார். தைலத்தோடு நிறுத்திக்கொள்ளாதே. நடக்கலாம் என்று சொன்னால் சாயங்காலம் பீச்சுக்குப் போய், மணலில் வேண்டாம், நடைபாதையில் நட.

அடுத்த போட்டி ஏப்ரலில். அந்த மாதம் முதல் ஞாயிறோடு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அப்புறம் உனக்கும் எனக்கும் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். ஞாயிறு காலையில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். உனக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிடு. பந்தலில் யாரிடம் பேசினாய், என்ன சொன்னார்கள் என்று அப்போது எனக்குச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

அன்புடன்,
அக்கா