பின்லாந்துக்காரர் ஒருமுறை முகமாலைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், கீழ் மூலையில், ஐந்தாறு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இருந்து ஐரோப்பிய நாடுகள் விலகியது பற்றியது. தலைப்பில் 'தடை தளர்வு' என்று போட்டிருந்தீர்கள். அது தளர்வு இல்லை ஐயா. எஸ்தோனியா, லற்வியா, லித்துவேனியா மூன்றும் 2025 டிசெம்பர் 27ஆம் திகதியோடு வெளியே போய்விட்டன. பின்லாந்து 2026 ஜனவரி 10ஆம் திகதி. போலந்து பெப்ரவரியில். இனி இந்த ஐந்து நாடுகளும் மிதிவெடி செய்யலாம், வாங்கலாம், புதைக்கலாம்.

நான் பளையில் இருக்கிறேன். இராணுவமும் விடுதலைப் புலிகளும் எதிரெதிரே நின்ற வடக்குப் போர்முனையான முகமாலையில் ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். அந்தச் செய்தியை மூன்று தரம் வாசித்தேன். ஐந்து வரியில் முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முகமாலையில் நாங்கள் மிதிவெடி எடுத்த விதத்தை முதலில் சொல்கிறேன். அங்கே இரண்டு பக்கமும் வருடக்கணக்காக ஷெல் அடித்த மண். இரும்புத் துண்டு இல்லாத ஒரு சாண் நிலம் கிடையாது. உலோகம் காட்டும் கருவியைப் பிடித்தால் எங்கே வைத்தாலும் கத்தும். மிதிவெடியோ பிளாஸ்ரிக், அதற்குள் இருக்கிற இரும்பு மிகவும் கொஞ்சம். ஆகவே அனேகமான இடங்களில் வாரிதான். ஒரு மீற்றர் அகலத்துக்கு நூல் கட்டி, முழங்காலில் இருந்து, நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் இழுக்க வேண்டும். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குப் பாரமான கவசம். பத்து மணி வெயிலுக்குள் மறைப்பின் உட்பக்கம் வியர்வையில் மங்கிவிடும். அதைக் கழற்றித் துடைக்க வேண்டுமென்றால் பாதையை விட்டு வெளியே வர வேண்டும். சில நாட்கள் மாலை வரைக்கும் செய்து முடித்தது ஒரு பாய் விரிக்கிற இடம்தான்.

என் கைப்பட எடுத்த முதலாவது மிதிவெடி ஒரு வடலிப் பனையின் வேருக்குள் இருந்தது. புதைத்தபோது அந்த இடத்தில் பனை இருந்திருக்காது. கொட்டை விழுந்து, முளைத்து, வேர் விட்டு, அந்த வேர் மிதிவெடியைச் சுற்றிப் பிடித்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான், புதிது போலவே இருந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் பாரம் போதும் அதற்கு.

விலகிய நாடுகளின் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. பின்லாந்துக்கு ரஷ்யாவோடு 1,300 கிலோமீற்றருக்கு மேல் எல்லை. உக்ரைனில் நடப்பதைப் பார்த்துவிட்டு அந்தச் சனம் நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. ரஷ்யா இந்த உடன்படிக்கையில் ஒருநாளும் சேரவில்லை. உக்ரைனின் மண்ணில் அது மிதிவெடி புதைத்துக்கொண்டிருக்கிறது. 'எதிரிக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் ஏன்' என்று அவர்கள் கேட்பது விளங்குகிறது. ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதும் இல்லை.

ஆனால் போர்ச் சட்டம் என்பது எதிரியோடு செய்கிற பண்டமாற்று இல்லையே. அவன் மீறினால் நானும் மீறுவேன் என்றால் ஜெனீவா உடன்படிக்கைகளில் ஒரு வரிகூட மிஞ்சாது. ஒட்டாவா உடன்படிக்கையின் முதலாவது பிரிவே 'எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும்' பாவிப்பதில்லை என்றுதான் தொடங்குகிறது. 1997இல் அதை எழுதியவர்கள் இந்த நாள் வரும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்து ஆறு மாதத்தில் விலகல் நடைமுறைக்கு வரும். ஆனால் அந்த நேரத்தில் அந்த நாடு ஒரு போரில் இருந்தால், போர் முடியும் வரை விலக முடியாது. அதாவது, சட்டம் கடிக்கும் நேரத்தில் அதைக் கழற்றி வைக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. இந்த ஐந்து நாடுகளும் போர் வருவதற்கு முன்னமே கழற்றி வைத்துவிட்டன. போரில் இருக்கிற உக்ரைன், விலக வழியில்லாததால், உடன்படிக்கையை 'இடைநிறுத்துகிறோம்' என்று 2025 ஜூலையில் அறிவித்தது. அப்படி ஒரு கதவு அந்த உடன்படிக்கையில் எங்கேயும் இல்லை. உக்ரைன் மக்கள் மேல் எனக்கு இரக்கம் நிறைய இருக்கிறது. இருந்தாலும் இதைச் சரி என்று சொல்ல என்னால் முடியாது.

'வேலி போடுவோம், பலகை வைப்போம், வரைபடம் வைத்திருப்போம்' என்றும் சொல்கிறார்கள். மிதிவெடிப் பாவனை பற்றி 1996இல் திருத்திய இன்னொரு சர்வதேச நெறிமுறை அதைத்தான் கேட்கிறது, அதில் இருந்து அவர்கள் விலகவில்லை. சரி. எங்களிடமும் ஒரு பக்கத்தாரின் வரைபடம் இருந்தது. வரைபடத்தில் நேர்கோடாக இருந்த வரிசை, நிலத்தில் மீற்றர் கணக்கில் தள்ளிக் கிடந்தது. மண் அணை சரிந்து ஒரு வரிசையை மூடியிருந்தது. மாரி வெள்ளம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வேலிக் கம்பியை யாரோ ஆட்டுக்கொட்டில் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, திரும்பி வந்த சனத்திடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. மற்றப் பக்கத்தார் புதைத்ததற்கு வரைபடமே இல்லை. புதைத்தவர்களும் உயிரோடு இல்லை.

இராணுவம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், மிதிவெடி எதிரியைத் தாமதப்படுத்தும் என்று. தாமதப்படுத்தும்தான், மறுக்கவில்லை. முகமாலை வரிசையில் 2006இல் எவ்வளவு பேர் செத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசை கடைசியில் எப்படி முடிந்தது? 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. 9ஆம் திகதி ஆனையிறவு. தெற்கில் இருந்து படை ஏறி வர, வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருந்த முகமாலையைப் புலிகள் ஒரு கிழமைக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். போர் வேறு இடத்தில் முடிவாகியது. மிதிவெடிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பதினேழு வருடம் ஆகிறது.

என் மாமா 2003இல், சமாதான காலத்தில், தன் வளவைப் பார்த்து வரப் போனவர். கிணற்றடிக்குப் பத்தடி இருக்கும்போது இடது கால் போய்விட்டது. இப்போது ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால். காலையில் பழைய சாரத்துணியைக் கிழித்துக் கால் முனையைச் சுற்றி, அதன்மேல் அதைப் பூட்டுவார். வியர்த்தால் தோல் உரியும். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது மட்டும் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, மண்வெட்டிப் பிடியை ஊன்றிக்கொண்டு நிற்பார். யார் புதைத்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் புதைத்தது. இரண்டு பக்கமும் பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னது.

அவர் தனி ஆள் இல்லை. 2023இல் மட்டும் உலகம் முழுக்க மிதிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள் என்று 5,757 பேரைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். யாரென்று தெரிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள்.

நோர்வேயை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் கவலை. அதற்கும் ரஷ்யாவோடு எல்லை இருக்கிறது, 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக. அவர்களுக்கும் பயம் இருக்கும். ஆனாலும் நோர்வே விலகவில்லை. பின்லாந்து எடுத்த முடிவுக்கு வருத்தமும் தெரிவித்தது. உடன்படிக்கையின் வாசகம் முடிவானது ஒஸ்லோவில்தான். பயந்த நாடு எல்லாம் மிதிவெடியிடம்தான் போக வேண்டும் என்றில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா? பின்லாந்து தன்னிடம் இருந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மிதிவெடிகளைத் தானே அழித்த நாடு. அதை நினைத்தால்தான் மனம் இன்னும் பாரமாகிறது.

இலங்கைக்கு இதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. நாங்கள் 2017 டிசெம்பரில், பிந்தித்தான், சேர்ந்தோம். எல்லாக் காணியையும் துப்புரவாக்கி முடிக்க எங்களுக்குள்ள கெடு 2028 ஜூன் 1. போர் நடந்த நாடு, இரண்டு பக்கமும் புதைத்த நாடு, இன்னும் வாரியோடு முழங்காலில் நிற்கிற நாடு. அடுத்த உறுப்பு நாடுகளின் கூட்டத்தில் எங்கள் பிரதிநிதி எழும்பி, பெயர் சொல்லி, இந்த ஐந்து நாடுகளிடமும் திரும்பி வாருங்கள் என்று கேட்க வேண்டும். உதவி தரும் நாடுகள் கோபிக்கும் என்று கொழும்பில் யோசிப்பார்கள். கோபித்தாலும் கேட்க வேண்டும். முடிந்தால் அந்த நாடுகளின் பொறியியல் படைப்பிரிவு அதிகாரிகளை ஒரு கிழமைக்கு இங்கே கூப்பிடட்டும். வாரியைக் கையில் கொடுத்துப் பழக்க எங்கள் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அனேகர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத்துக்கு ஒருதரம், முதற்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் துப்புரவாக்க எவ்வளவு நிலம் மிச்சம், 2028 ஜூன் 1க்கு எத்தனை நாள் மிச்சம், இரண்டே இரண்டு எண். கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கேட்டால் கணக்குத் தருவார்கள். மாமா காலையில் உங்கள் பத்திரிகையை முதற்பக்கத்தில் இருந்துதான் வாசிப்பார். அவருடைய கிணற்றுக்கு மேற்கே இருக்கிற துண்டில் இப்போதும் சிவப்புப் பலகைதான் நிற்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் மிதிவெடி அகற்றும் பணியாளர்,
பளை.