வெள்ளைப் படிக்கட்டோடு திரும்பிவிடாதே

அன்புள்ள கதிர்,

துருக்கிக்கு டிக்கெட் போட்டாயிற்று, பாமுக்கலேவும் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் நிலவியல் பாடம் எடுத்தவளிடம் அந்தப் பெயரைச் சொல்லலாமா? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தாண்டிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது அந்த வெள்ளைப் படிக்கட்டுகளைத்தான். ஊர்ப் பெயருக்கே பருத்திக் கோட்டை என்று அர்த்தம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளை உனக்குப் புதிதில்லை. நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்ளே பொருக்குக் கட்டுமே, நான் புளி போட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்து உட்காருவேனே, அதே சமாசாரம். தண்ணீரில் இருக்கும் கரியமில வாயு வெளியேறினால் சுண்ணாம்பு கரைந்து கிடக்க முடியாமல் படிந்துவிடும். பாமுக்கலே ஊற்றுத் தண்ணீர் சுமார் 35 டிகிரி. சரிவில் அது சிதறி இறங்க இறங்க வாயு பறக்கிறது, டிராவர்டைன் என்கிற சுண்ணாம்புக் கல் வளர்கிறது.

அந்தத் தண்ணீர் ஏன் அங்கே வந்து ஏறுகிறது? நான் சொல்ல வந்ததே அதுதான். மேற்குத் துருக்கியில் நிலம் வடக்கும் தெற்குமாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இழுபட்ட நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழே இறங்கும். தெனிஸ்லி சமவெளி அப்படி இறங்கிய பக்கம். பாமுக்கலே அதன் வடகிழக்கு விளிம்பு. மழைத்தண்ணீர் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய், சூடேறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு, பிளவு வழியாகவே மேலே வருகிறது. அதற்காகப் பிளவு நெடுக ஊற்று இருக்கும் என்று நினைக்காதே. ஒரு பிளவு முடிந்து பக்கத்தில் இன்னொன்று தொடங்கும் சந்தில்தான் பாறை நொறுங்கிக் கிடக்கும், தண்ணீருக்கு வழி கிடைக்கும். அந்த வழியையும் அதே சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். அப்புறம் ஒரு நிலநடுக்கம் வந்து மறுபடி திறந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க, பக்கத்திலேயே சுக்கூர்பா என்று ஓர் இடம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எருமை படுத்திருப்பது போல நீளமான மேடு. ஏறிப் பார், முதுகெலும்பு நெடுக ஒரு விரிசல் ஓடும். அதிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து வழிந்துதான் அந்த மேடே எழும்பியது. வெளிச்சரிவில் இருக்கும் கல் ஓட்டையும் துளையுமாக இருக்கும். விரிசலின் உட்சுவரில் இருப்பது வேறு மாதிரி: கெட்டியானது, செங்குத்தானது, வெள்ளையும் பழுப்புமாகப் புடவைக் கரை போலக் கோடு கோடாக ஓடும். பிளவு விரிய விரிய அந்த இடைவெளியில் படிந்தவை அந்தக் கோடுகள். அவற்றில் உள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் அளந்து வயது கணக்கிடுகிறார்கள். நிலம் எப்போது, எவ்வளவு விரிந்தது என்று எழுதி வைத்த நாட்குறிப்பு அது. எனக்கு அந்தப் படிக்கட்டுகளைவிட இதுதான் பெரிது.

மேலே ஹியராபோலிஸ் என்கிற பழங்கால நகரத்தின் இடிபாடுகளில் சுவர்கள் சில இடத்தில் வரிசை விலகி நிற்கும். கட்டியவன் கோணல் இல்லை, கீழே பிளவு நகர்ந்திருக்கிறது. அங்கே புளூட்டோனியம் என்று ஒரு குகைவாசலும் உண்டு. பாதாளத்துக்கு வாசல் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். உள்ளே குருவிகளைப் போட்டதும் செத்து விழுந்ததாக ஸ்ட்ராபோ என்கிற பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். பிளவு வழியாக வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கல்லை வளரவிட்டுப் போகும் அதே வாயுதான் அங்கே குருவியைக் கொன்றது. இப்போதும் வருகிறது. குட்டிப் பயலை அந்தப் பக்கம் குனிந்து எட்டிப் பார்க்க விடாதே.

வெள்ளைப் பாறையில் ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஒரு துணிப்பை எடுத்துக்கொள். நான் போனபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து, வழுக்கி, முழங்கால் வரை நனைந்தேன். அதைவிட வருத்தம், குளங்களையே படம் எடுத்து எடுத்து, மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது. குளம் நூறு படம் இருக்கிறது என்னிடம். நீ அந்த விரிசலை எடுத்து அனுப்பு. அளவு தெரியப் பக்கத்தில் உன் கையை வை.

அன்புடன்,
அம்மா