ஹைத்தி ரசிகர்களையும் உள்ளே விடச் சொல்லுங்கள்

ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அவர்களுக்கு,

வணக்கம். எனக்கும் ஹைத்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கால்பந்து பார்க்கிறவன், அவ்வளவுதான். 2026 ஜூன் 13 அன்று உலகக் கோப்பையில், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் ஹைத்தியும் ஸ்காட்லாந்தும் மோதும் என்று அட்டவணை வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஹைத்தி அணியின் முன்கள வீரர் ஃப்ரான்ட்ஸ்டி பியரோ உங்களுக்குத் தெரிந்தவர்தான். ஹைத்தியின் கேப் ஹைத்தியன் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போய், மாசசூசெட்ஸில் மெல்ரோஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். 2018-இல் கொலராடோ ராபிட்ஸ் என்ற அமெரிக்க கிளப் தேர்ந்தெடுத்தும் பெல்ஜியத்துக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் பிரான்சில் கேங்கான், இஸ்ரேலில் மக்காபி ஹைஃபா, கிரீஸில் ஏஇகே ஏதென்ஸ் என்று பல கிளப்புகள். இத்தனை ஊர் சுற்றியவர், தேசிய அணி என்று வந்தபோது பிறந்த நாட்டுக்குத்தான் ஆடினார். பாஸ்டன் மைதானம் மெல்ரோஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மெல்ரோஸ்காரர்கள் டிக்கெட் வாங்கினால் போய் உட்கார்ந்துவிடலாம். கேப் ஹைத்தியன்காரர்கள் டிக்கெட் வாங்கி என்ன செய்வார்கள்?

2025 ஜூனில் ஹைத்தி உட்படப் பல நாட்டுக்காரர்கள் மீது அமெரிக்கா கொண்டுவந்த பயணத் தடையில் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாருக்கும் விலக்கு உண்டு. ரசிகர்களுக்கு இல்லை. சின்ன வயதில் பியரோவோடு தெருவில் பந்து உதைத்த ஒருவர் இன்னும் அங்கேயே இருந்தால், அவருக்கும் இல்லை.

இவர்கள் எப்பேர்ப்பட்ட ரசிகர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2021-க்குப் பிறகு ஆண்கள் அணி சொந்த மண்ணில் ஆடவே இல்லை. தலைநகரின் சில்வியோ காத்தோர் மைதானம் ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போய்விட்டது. சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, கரீபியக் கடலின் குராசோ தீவில்தான் இவர்களுடைய 'உள்ளூர்' ஆட்டங்கள். 2025 நவம்பர் 18 அன்று நிகராகுவாவை 2-0 என்று ஜெயித்து, 1974-க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்ததும் அந்தத் தீவில்தான். பயிற்சியாளர் செபாஸ்டியன் மினே ஹைத்தியில் கால் வைக்காமலேயே அணியைத் தேற்றிவிட்டார். தங்கள் அணியை நேரில் பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் கத்தித் தீர்த்த சனம் இது. இப்போது உலகக் கோப்பையையும் டிவியிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

2017-இல் இதேபோன்ற தடை பற்றிப் பேச்சு வந்தபோது, தகுதி பெற்ற அணியின் ரசிகர்களும் உள்ளே வர முடிய வேண்டும், இல்லாவிட்டால் உலகக் கோப்பையே இல்லை என்று சொன்னவர் நீங்கள்தான். இன்று டிக்கெட் வாங்கியவர்களுக்கு விசா நேர்காணலைச் சீக்கிரம் வாங்கித் தருவதாகச் சொல்கிறீர்கள். நல்லது. தடைப்பட்டியலில் இருக்கும் நாட்டுக்காரருக்கு அதனால் லாபம், மறுப்பு சீக்கிரம் கிடைக்கும் என்பது மட்டும்தான். ஈரான் ரசிகர்கள் கதையும் இதுதான். 2025 டிசம்பரில் வாஷிங்டனில் புதிதாக ஓர் அமைதிப் பரிசு உருவாக்கி, இந்தத் தடையில் கையெழுத்திட்ட அதிபர் டிரம்புக்கே கொடுத்தீர்கள். மேடையில் அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றீர்களே, ஹைத்தி பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சரி, கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். வீரர்களுக்குக் கிடைத்த விலக்கை, டிக்கெட் வைத்திருக்கும் ரசிகர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். எவ்வளவு சோதனை வேண்டுமானாலும் செய்யட்டும், ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். ஆனால் உள்ளே விடட்டும். வெள்ளை மாளிகைக்குள் உங்களுக்கு இருக்கும் செல்வாக்கு ஹைத்தியில் யாருக்கும் கிடையாது. அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்