கங்கை உடன்பாட்டைத் தேதி மட்டும் மாற்றிப் புதுப்பிக்காதீர்கள்

இந்திய-வங்கதேசக் கூட்டு நதிகள் ஆணைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1996 டிசம்பரில் கையெழுத்தான கங்கை நீர்ப் பங்கீட்டு உடன்பாட்டின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அதையே அப்படியே நீட்டித்துவிடலாம் என்ற யோசனை இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள்.

மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபரக்கா தடுப்பணையில் 1949 முதல் 1988 வரை வந்த நீரின் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த ஓட்டத்தை இன்றைய கங்கையிடம் எதிர்பார்க்க முடியாது. பெய்கிற மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மண்ணுக்குள் இறங்க நேரமில்லை. கோடையில் கங்கைக்கு நிலத்தடி ஊற்றுதான் பெரிய துணை. சமவெளி முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் அதையும் உறிஞ்சிவிடுகின்றன (இதற்குப் பருவநிலையைக் குறை சொல்ல முடியாது).

சரி, உடன்பாட்டில் உள்ள பங்கீட்டு அட்டவணைக்கு வருவோம். விநாடிக்கு 70,000 கன அடி வரை வந்தால் பாதிப் பாதி. ஆனால் மார்ச் 11 முதல் மே 10 வரை, பத்துப் பத்து நாளாக மாறி மாறி ஒரு நாட்டுக்கு 35,000 கன அடி உறுதி. 70,000 வந்தால் சிக்கலே இல்லை. 55,000தான் வருகிறது என்றால்? ஒருவருக்கு 35,000, மற்றவருக்கு 20,000. அடுத்த பத்து நாள் தலைகீழ். குறை முழுவதும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் பத்து நாள் என்பது ஒரு போகத்தின் விலை. 50,000க்கும் கீழே போனால் உடனே கூடிப் பேச வேண்டுமாம். வறட்சி வந்தபிறகு பேச உட்கார்ந்தால், முடிவெடுப்பதற்குள் கோடையே போய்விடும்.

கொலராடோ ஆற்றில் அமெரிக்காவும் மெக்சிகோவும் 1944 உடன்பாட்டைத் தூக்கிப்போடவில்லை. அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் எவ்வளவு இறங்கினால் மெக்சிகோவுக்கு எவ்வளவு குறையும் என்று 2012லும் 2017லும் துணை உடன்பாடு எழுதிக்கொண்டார்கள். 2021இல் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது வெட்டின் அளவு ஏற்கெனவே தாளில் இருந்தது.

நீங்களும் 50,000, 45,000, 40,000 என ஒவ்வொரு படிக்கும் பங்கை விகிதமாக எழுதிவையுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்பது பழைய உடன்பாட்டிலேயே உண்டு. அப்போது சராசரியையும் திருத்தியாக வேண்டும் என்று சேருங்கள்.

அப்புறம், கொராய். கங்கையிலிருந்து பிரிந்து சுந்தரவனப் பக்கம் நன்னீர் கொண்டுபோகும் ஆறு. கோடையில் அது வற்றும்போது கடல் உப்பு உள்ளே ஏறுகிறது. அட்டவணையில் இரண்டு நாடுகளுக்குப் பங்கு இருக்கிறது, ஆற்றுக்கு இல்லை. முதலில் அதற்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.