குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு குறித்து மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. விளக்கு வந்தது, வடிகால் வரவில்லை. தண்ணீர் மோட்டார் இரண்டு முறை ரிப்பேர் ஆனது. இதற்கு மேல் அதில் சொல்ல எதுவுமில்லை.

மூன்றாவது மாடித் தங்கையைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு சற்று விரிவாக எழுதுகிறேன். வயது 34. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஜூலையில் ஒரு காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மாவுக் கிண்ணம் நழுவியது. பேச்சு குழறியது. இந்த வயதில் பக்கவாதம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்தோம், கொடுத்தது நான்தான். விழுங்க முடியாதவருக்கு எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று டாக்டரிடம் பிற்பாடு வாங்கிக் கட்டிக்கொண்டேன். 108-ஐ அழைப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நல்லவேளை, அதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

காரணம் தெரியத்தான் நாளாயிற்று. முன்பு இரண்டு முறை கரு கலைந்ததையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் ஒரு மூட்டுவாத நிபுணர். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்றார். கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் சொந்த உடம்பின் மீதே திரும்பி, ரத்தத்தை வேண்டாத இடத்தில் உறைய வைத்துவிடுமாம். பரிசோதனையில் ஒரு தடவை தெரிந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் தெரிந்தால்தான் உறுதி. அக்டோபரில் உறுதியானது.

அக்டோபர் 29, உலக பக்கவாத நாளன்று அந்த மூட்டுவாத நிபுணர் நம் மொட்டை மாடியில் பேசினார். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கும் இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம் என்றார். டகாயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சியில் ஒரு கையில் நாடியே கிடைக்காமல் போகலாம், இரண்டு கைகளிலும் பிரஷர் வேறு வேறாகக் காட்டும் என்றதும், ஆளாளுக்குத் தங்கள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

தங்கை இப்போது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையே ஆகாது என்று கீழ்வீட்டு மாமி கொடுப்பதை நிறுத்திவிட்டார். மாமி, கொடுக்கலாம், அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது, மாறினால் மருந்தின் வேலையும் மாறிவிடும், அவ்வளவுதான். வலது கை முழுசாகத் திரும்பவில்லை, பிசியோதெரபி நடக்கிறது.

நான்கு வீடுகளின் சந்தா பாக்கி உள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்